ஜிப்சம் சீலிங்கில் துணி மாட்டும் கம்பியைத் தொங்கவிடலாமா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு. படுக்கையறை முழுவதும் ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங். அலமாரியில் இடம் போதவில்லை. அறையின் ஒரு மூலையில் 6 அடி நீள ஸ்டீல் கம்பியைச் சீலிங்கிலிருந்து தொங்கவிட்டு, சட்டைகளையும் சேலைகளையும் ஹேங்கரில் மாட்ட நினைக்கிறேன். கடைக்காரர் பட்டாம்பூச்சி ஃபாஸ்டனரைக் காட்டி, "ஒன்று 20 கிலோ தாங்கும், நான்கு போட்டால் 80 கிலோ" என்கிறார். நம்பிச் செய்யலாமா?

பதில்: கம்பியைத் தாராளமாகத் தொங்கவிடலாம். ஆனால் கடைக்காரர் சொல்லும் வழியில் வேண்டாம்.

உங்கள் அறையின் மின்விசிறியை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அதன் தண்டு ஜிப்சம் போர்டில் உள்ள துளை வழியாக மேலே போய் மறைகிறது. அந்த விசிறியின் எடையில் ஒரு கிராமைக்கூட போர்டு சுமக்கவில்லை. மேலே, கான்கிரீட் தளத்தை வார்த்தபோதே பதித்த பெட்டியின் கொக்கியில் அது தொங்குகிறது. நான்கைந்து கிலோ விசிறியை எந்த எலெக்ட்ரீஷியனும் போர்டில் மாட்டமாட்டார். மாட்டச் சொன்னால் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நீங்கள் மாட்டப்போகும் கம்பி, துணி நிறைந்ததும், அந்த விசிறியைப்போல எட்டு பத்து மடங்கு எடை இருக்கும். விசிறிக்கு உள்ள நியாயம்தான் துணிக்கம்பிக்கும்: எடை போர்டைக் கடந்து தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஏன் போர்டை நம்பக் கூடாது என்பது அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் புரியும். நம் ஊரில் சீலிங்குக்கு வழக்கமாகப் போடுவது 12.5 மி.மீ. தடிமன் போர்டு. இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் மாவை இறுக வைத்ததுதான் அது. காகிதத்தைக் கிழித்துவிட்டால் உள்ளே இருப்பதை நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் போர்டு 8 முதல் 9 கிலோ இருக்கும். 10க்கு 12 அடி அறை என்றால் ஏறக்குறைய 11 சதுர மீட்டர். போர்டின் சொந்த எடையே 90 கிலோவை ஒட்டி வந்துவிடும். அதைத் தாங்கும் சட்டகமோ மெல்லிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. போர்டைத் திருகியிருக்கும் சீலிங் செக்‌ஷன் 0.55 மி.மீ. தடிமன்தான். அது 457 மி.மீ., அதாவது ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடுகிறது. அதற்கு மேலே குறுக்காக 0.9 மி.மீ. தடிமனில் இன்டர்மீடியட் சேனல், 1220 மி.மீ., அதாவது 4 அடிக்கு ஒன்று. இரண்டையும் இணைப்பது ஒரு கம்பிக் கிளிப். சேனலைத் தளத்தோடு இணைப்பது, மறுபடியும் 0.55 மி.மீ. தடிமனுள்ள ஒல்லியான ஆங்கிள். போர்டின் எடையைத் தாங்க இந்த அமைப்பு போதும். அதற்காகத்தான் அது வடிவமைக்கப்பட்டது. வேறு எடைக்கு அதில் இடமில்லை.

பட்டாம்பூச்சி ஃபாஸ்டனர் நல்ல பொருள்தான். துளைக்குள் மடங்கிப் போய், மறுபக்கம் இறக்கை விரித்து உட்காரும். ஆனால் அந்த இறக்கை எதன்மேல் உட்காருகிறது என்று பாருங்கள்: அதே காகிதமும் மாவும். பாக்கெட்டில் அச்சிட்ட எண் பெரும்பாலும் புதிய, காய்ந்த போர்டில் இழுத்துச் சோதித்தபோது அது பிய்ந்துவந்த எடை. தினமும் சுமக்க வேண்டிய எடைக்கு அதை நான்கால் வகுப்பதுதான் வழக்கம். வகுத்தால் உங்கள் 20 கிலோ, 5 கிலோ ஆகிறது.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. சுவரில் அடித்த ஆணியை எடை முறிக்கப் பார்க்கிறது. கூரையில் அடித்த ஆணியை எடை பிடுங்கப் பார்க்கிறது. முறிப்பதற்கு ஆணியின் இரும்பே தடையாக நிற்கும். பிடுங்குவதற்குத் தடை, ஆணி பிடித்திருக்கும் பொருள் மட்டுமே. அந்தப் பிடுங்கல் இரவும் பகலும் ஓயாது. ஈரக்காற்று பட்ட போர்டு கொஞ்சம் கொஞ்சமாக இளகித் தொய்யும். ஏ.சி. குழாயிலிருந்து ஒருமுறை நீர் கசிந்திருந்தால் அந்த இடத்தில் பலம் பாதிகூட இருக்காது. சுவரில் அடித்துப் பார்த்த அனுபவத்தைக் கூரைக்குக் கொண்டுபோவது இதனால்தான் ஆபத்து.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அக்கா வீட்டில் இதே போன்ற கம்பி, இதே ஃபாஸ்டனர், நான்கு இடத்தில். வேலை செய்தவர் பிடித்து ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் பெருஞ்சத்தம். கம்பி, துணி, ஒரு தாம்பாளம் அளவுக்குப் போர்டு எல்லாம் சேர்ந்து கட்டில் ஓரத்தில் கிடந்தன. நல்ல வேளையாகக் குழந்தைகள் அடுத்த அறையில் படுத்திருந்தார்கள். காலையில் போய் அந்த ஃபாஸ்டனர்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் இறக்கைகூட வளையவில்லை, மரை தேயவில்லை. இறக்கையைச் சுற்றிக் கூம்பு வடிவில் வெள்ளை மாவு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டியதும் உதிர்ந்தது. நடுவில் இருந்த இரண்டில் ஒன்றுதான் முதலில் பிய்ந்திருக்க வேண்டும். அதன் துளை மட்டும் வட்டமாக, சுத்தமாக இருந்தது. மற்ற மூன்றும் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தன.

நடுவில் இருந்தது முதலில் போனது தற்செயல் இல்லை. கடைக்காரரின் '20 பெருக்கல் 4' கணக்கு தப்பாவதும் இங்கேதான். ஒரே துண்டாக உள்ள கம்பியை இரண்டு முனையிலும் நடுவிலும் என மூன்று இடத்தில் தாங்கினால், எடை மூன்றாகப் பிரியாது. நடுத் தாங்கிக்கு 62.5 சதவீதம் போகும். முனைகளுக்குத் தலைக்கு 18.75 சதவீதம்தான். கட்டடப் பொறியியல் மாணவர் எவரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவார். முனைத் தாங்கிகளை ஓரத்திலிருந்து ஓர் அரை அடி உள்ளே தள்ளி வைத்தால் நடுவின் பங்கு சரிபாதிக்கு இறங்கும். காசு செலவில்லாத இந்த மாற்றத்தைக் கட்டாயம் செய்யுங்கள்.

இனி எடை. 6 அடிக் கம்பியில் ஹேங்கருக்கு 3 செ.மீ. வீதம் 60 ஹேங்கர் மாட்டலாம். இப்போது பத்துதான் மாட்டுவேன் என்று சொல்வீர்கள். இடம் இருந்தால் துணி தானாக வந்து சேரும். நிறைந்த கம்பிக்குத்தான் கணக்குப் போட வேண்டும். சட்டை ஹேங்கரோடு 300 கிராம் என்றால் மொத்தம் 18 கிலோ. பருத்திச் சேலை அரைக் கிலோவைத் தொடும். ஜரிகை நிறைந்த காஞ்சிப் பட்டு முக்கால் கிலோவும் அதற்கு மேலும் போகும். கலந்து மாட்டினால் 30, 40 கிலோ. மழைக்காலத்தில் வெளியே காயப்போட இடமின்றி ஈரத்துணியைக் கொண்டுவந்து இதில் போடுவீர்கள். போடாத வீடு இல்லை. மெஷினில் சுழற்றிப் பிழிந்த பருத்தித் துணிகூடத் தன் எடையில் பாதியளவு நீரை வைத்திருக்கும். கையால் பிழிந்தது அதைவிட அதிகம். இத்தனைக்கும் மேல், எட்டிப் பிடிக்கிறவர்களின் கை இழுப்பு. ஆகவே 100 கிலோவுக்கு அமைக்கச் சொல்கிறேன்.

அந்த 100 கிலோவிலும் அடங்காத ஒன்று உண்டு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், "கம்பி உறுதியாகத்தானே இருக்கிறது" என்று யாராவது அதில் தூளி கட்டப் பார்ப்பார்கள். அனுமதிக்காதீர்கள். பழைய வீடுகளில் உத்திரத்தில் ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் வளையத்தை ஊடுருவப் போட்டு மேலே முடுக்கியிருப்பார்கள். அது அதற்கென்றே செய்த வேலை. ஆடும் எடை, நிற்கும் எடையைவிடப் பலமாக இழுக்கும். துணிக்கம்பி ஆட்டத்துக்குச் செய்ததல்ல.

சீலிங்கைத் தொடாமலே வேலையை முடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இரண்டு சுவருக்கு நடுவே நான்கு அடிக்குள் ஒரு சந்து இருந்தால், இரு முனையிலும் ஃபிளாஞ்ச் (சுவரில் திருகும் வட்டத் தாங்கி) வைத்துச் சுவரிலிருந்து சுவருக்குக் கம்பி போட்டுவிடலாம். அதைப்போல எளிது வேறில்லை. சுவர் செங்கல்லோ கான்கிரீட்டோ என்றால் சாதாரண பிளக் போதும். இலேசான ஏ.ஏ.சி. பிளாக் சுவராக இருந்தால் அதற்கென்று விற்கும் நீளமான பிளக்கைத்தான் வாங்க வேண்டும். உங்களுக்கு 6 அடி வேண்டும், ஒரு பக்கம் சுவர் இல்லை என்பதால் தளத்துக்குப் போகிறோம்.

இதைப் படிக்கிறவர்களில் சீலிங் வேலை இன்னும் தொடங்காதவர்கள் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். போர்டு அடிப்பதற்கு முன்பே கம்பி வரும் இடத்தைத் தளத்தில் குறித்து, தண்டுகளை இறக்கிவிடச் சொல்லுங்கள். திரைச்சீலை வரும் இடத்திலும் 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றைத் தளத்திலிருந்து தாங்கி வைக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. பிறகு செய்தால் இரண்டு நாளும் பெயின்ட் செலவும்.

லண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்களுக்கு இனி நான் சொல்லும் முறை பொருந்தாது. அங்கே பெரும்பாலான வீடுகளில் போர்டுக்கு மேலே கான்கிரீட் இல்லை. மரச் சட்டங்கள் ஓடுகின்றன, போர்டு நேராக அவற்றிலேயே திருகப்பட்டிருக்கும். பிரிட்டனில் இடைவெளி 400 அல்லது 600 மி.மீ.; கனடாவில் 16 அங்குலம் பொதுவான அளவு. மெல்லிய ஊசியால் குத்திப் பார்த்துச் சட்டத்தின் இரு ஓரத்தையும் கண்டுபிடித்து, நடுமையத்தில் திருக வேண்டும். போர்டைக் கடந்து மரத்துக்குள் 50 மி.மீ. இறங்கும் திருகாணி தேவை. ஆகவே 70 மி.மீ. நீளத்துக்குக் குறையக் கூடாது. கம்பி சட்டங்களுக்குக் குறுக்காக ஓடினால் வேலை சுலபம். இணையாக, இரண்டு சட்டத்துக்கு நடுவே வந்தால், தடித்த மரப் பலகை ஒன்றைச் சீலிங்கின் அடியில் இரண்டு சட்டத்தையும் எட்டும்படி திருகிவிட்டு, கம்பியை அந்தப் பலகையில் மாட்டுங்கள். புதிய வீடுகளின் மாடியில், கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகத்தின் அடிக்கட்டை ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலம்தான் இருக்கும். அதை வெட்டவோ பெரிய துளை போடவோ கூடாது.

சென்னைக்குத் திரும்புவோம். தளத்துக்குப் போகுமுன், சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கு எதையும் உடைக்க வேண்டியதில்லை. அந்த அறைக்குரிய எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு, வட்டமான எல்.இ.டி. விளக்கு ஒன்றை மெதுவாகக் கீழே இழுங்கள். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப் இருக்கும். வெளியே வரும்போது விரலைக் கவ்விவிடும், பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் துளை வழியாகக் கைபேசியை, டார்ச்சைப் போட்டு வீடியோ ஓடவிட்டு, மேலே நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வீடியோவைப் பார்த்தால் சேனல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, வயர்கள் எங்கே கிடக்கின்றன, ஏ.சி.யின் செப்புக் குழாய் போகிறதா, தளத்துக்கும் போர்டுக்கும் எத்தனை அங்குலம் இடைவெளி, எல்லாம் தெரியும். பல வீடுகளில் நான் இதைச் செய்திருக்கிறேன். ஒருமுறைகூட, முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஏதாவது ஒன்றைக் காணாமல் கைபேசியை இறக்கியதில்லை.

போர்டைத் திருகியிருக்கும் செக்‌ஷன் ஓடும் கோட்டைக் கீழிருந்து குறிக்க ஒரு சிறிய, வலுவான காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிச் சீலிங்கில் தேய்த்துக்கொண்டே போனால், திருகாணி உள்ள இடத்தில் 'டக்' என்று பிடிக்கும். 9 அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையாகப் பிடித்தால் அதுதான் செக்‌ஷன் ஓடும் கோடு. பென்சிலால் இலேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் துளை போடப்போவது இந்தக் கோடுகளின்மேல் இல்லை; இரண்டு கோட்டுக்கு நடுவில்.

கட்டடத்தைப் பற்றிச் சங்கத்திடமோ கட்டியவரிடமோ ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: தளம் சாதாரண ஆர்.சி.சி.யா, போஸ்ட் டென்ஷன் முறையா? புதிய உயரமான கட்டடங்கள் சிலவற்றில் தளத்துக்குள் முறுக்கி இழுத்த எஃகு வடங்கள் இருக்கும். டிரில் அதில் பட்டால் தளத்துக்கும் கேடு, உங்கள் உயிருக்கும் ஆபத்து. அப்படிப்பட்ட தளம் என்றால், வடம் ஓடும் வரைபடம் கைக்கு வராமல் ஒரு துளையும் கூடாது. அதேபோல, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே துளைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

சாதாரணத் தளம் என்றால், கம்பியைத் தளத்திலிருந்து தாங்கப்போகும் மூன்று தண்டுகளுக்கும் 8 மி.மீ. டிராப் இன் ஆங்கர் வாங்குங்கள்; துளைக்குள் விரிந்து பிடிக்கும், உள்ளே மரை உள்ள இரும்புக் குழல் அது. புல்லட் ஃபாஸ்டனர் என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு 10 மி.மீ. பிட், 30 மி.மீ. ஆழம். நீளமான ஆங்கர் போட்டால் இன்னும் உறுதி என்று தோன்றும். இங்கே அது தவறு. தளத்தின் அடியில் உள்ள கம்பி வலைக்குக் கீழே ஏறக்குறைய 20 மி.மீ. கான்கிரீட்தான் கவராக இருக்கும். மின் வயர் போகும் பி.வி.சி. குழாய்களைக் கட்டியவர்கள் அந்த வலைக்கு மேலே கிடத்தி வார்த்திருப்பார்கள். 30 மி.மீ. துளை பெரும்பாலும் அந்தக் குழாய்களுக்குக் கீழேயே நின்றுவிடும்; 60 மி.மீ. போனால் குழாயையும் வயரையும் சேர்த்துத் துளைக்கலாம். விசிறிப் பெட்டிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடையே உள்ள நேர்கோட்டை எப்படியும் ஒதுக்கிவிடுங்கள். தளத்தின் அடியில் பூச்சு இருந்தால் அந்தத் தடிமனைக் கணக்கில் சேர்க்காதீர்கள், 30 மி.மீ. என்பது கான்கிரீட்டுக்குள்.

இப்போது, எல்லோரும் தயங்கும் இடம். போர்டில் எவ்வளவு பெரிய துளை? விரல் அளவுத் துளை வழியாக நீளமான பிட்டை விட்டுத் துளைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். துளைக்கத்தான் முடியும். தூசியை ஊத முடியாது, ஆங்கர் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்க முடியாது, அதை விரிக்க உதவும் 'பஞ்ச்' என்ற உளி போன்ற இரும்புக் கருவியை நேராகப் பிடித்து அடிக்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஆங்கரை நான் நம்புவதில்லை. தண்டு வரும் மூன்று இடத்திலும் 8 அங்குலச் சதுரமாகப் போர்டை வெட்டி எடுத்துவிடுங்கள். கையடக்க ரம்பத்தால் அறுக்கும்போது, மேலே வயர் இல்லை என்று வீடியோவில் பார்த்த இடத்தில்தான் அறுக்க வேண்டும். வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாமல் எண் போட்டு வையுங்கள். அவையே திரும்பவும் உட்காரப்போகின்றன. போர்டை வெட்டுவது பெரிய சேதமாகத் தெரியும். ஜிப்சம் போர்டைத் திரும்ப ஒட்டுவதைப்போல எளிய வேலை கட்டடத்தில் வேறு இல்லை.

துளைப்பதற்கு ஹாமர் டிரில். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் ஏணியில் ஏறாதீர்கள். தலைக்கு மேலே துளைக்கும்போது சிமென்ட் தூள் நேராகக் கண்ணில்தான் விழும். காகிதக் கப் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டுப் பிட்டில் கோத்துக்கொண்டால் தூளில் பெரும்பகுதி அதற்குள் தங்கிவிடும். பிட்டில் 30 மி.மீ. அளவில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் ஆழம் தாண்டாது. கான்கிரீட்டில் இறங்கும்போது ஒரே சீரான கரகரப்பு கேட்கும். திடீரென்று சத்தம் கீச்சென்று மாறி, பிட் முன்னேறாமல் நின்றால் அது கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி. அழுத்தாதீர்கள், இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாகத் தொடங்குங்கள். பாதியில் விட்ட துளையைப் பிறகு சிமென்டால் அடைத்துவிடலாம்.

துளைத்ததும் உடனே ஆங்கரைச் சொருகாதீர்கள். காற்றுப் பம்பால் நான்கைந்து முறை ஊதி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்ளே சுற்றி, மறுபடி ஊத வேண்டும். தூசி இருந்தால் ஆங்கர் கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். ஆங்கரைச் சொருகினால் அதன் வாய் கான்கிரீட்டோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே ஒரு சிறிய கூம்பு இருக்கிறது. பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தால் அது மேலேறி, ஆங்கரின் தலையை நான்கு பக்கமும் விரிக்கும். பஞ்ச்சின் தோள் ஆங்கரின் விளிம்பைத் தொடும்வரை அடிக்க வேண்டும். "இறுகிவிட்டது போலிருக்கிறது" என்று பாதியில் விடுவதுதான் ஆங்கர் கழன்றுவரப் பெரிய காரணம். பஞ்ச், ஆங்கர் விற்கும் கடையிலேயே கிடைக்கும். அதற்குப் பதிலாக ஆணியையோ ஸ்குரூ டிரைவரையோ வைத்து அடிக்கும் ஆட்களை வேலைக்கு வைக்காதீர்கள்.

தண்டுக்கு 8 மி.மீ. த்ரெட் ராட். அது பல நூறு கிலோ தாங்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கருக்குள் குறைந்தது 10 மி.மீ. மரை ஏற வேண்டும். ஏறிய பிறகு ஒரு நட்டையும் வாஷரையும் தளத்தோடு சேர்த்து முடுக்கினால் தண்டு தானாகக் கழலாது. முடுக்கும்போது அளவோடு நில்லுங்கள். அளவுக்கு மீறினால் அந்த நட்டே ஆங்கரைக் கீழே இழுக்கும். கம்பிக்கு 25 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிமனும் உள்ள 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் எடுங்கள். அலமாரிக்குள் போடும் மெல்லிய நீள்வட்டக் குழாய் 3 அடியைத் தாண்டினால் தொய்ந்துவிடும்.

அடுத்த தொல்லை ஆட்டம். தளத்திலிருந்து போர்டுவரை 8 அங்குலம், போர்டிலிருந்து கம்பிவரை ஓர் அடி என்றால், அவ்வளவு நீளமான ஒல்லித் தண்டு ஹேங்கரைத் தள்ளும்போதெல்லாம் அசையும். அசையும் தண்டு போர்டின் துளையை மெல்ல மெல்ல அரித்துவிடும். மாதக்கணக்கில் கட்டிலில் வெள்ளைத் தூள் விழும். உங்கள் கம்பி மூலையில்தான் வருகிறது என்பதால் இதற்குத் தீர்வு கையருகிலேயே இருக்கிறது: கம்பியின் ஒரு முனையை ஃபிளாஞ்ச் வைத்துச் சுவரில் பொருத்திவிடுங்கள். எடைக்கு மூன்று தண்டு, ஆட்டத்துக்குச் சுவர். இடைவெளி ஒரு அடிக்கு மேல் என்றால் த்ரெட் ராட் வேண்டாம். வெல்டிங் பட்டறையில் 25 மி.மீ. சதுரக் குழாயின் தலையில் தகட்டைப் பற்றவைத்து வாங்கி, தகட்டை நான்கு ஆங்கரால் தளத்தில் முடுக்குங்கள். அது அசையாது.

போர்டைத் திரும்ப மூடும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. வெட்டிய துண்டின் நடுவில் தண்டுக்கு 12 மி.மீ. துளை போட்டு, இரண்டாக அறுத்து, தண்டின் இரு பக்கமும் பொருத்துங்கள். திறப்பின் ஓரங்களில் உள்ளே பிளைவுட் துண்டுகளைத் திருகி வைத்திருந்தால் போர்டு அதில் உட்காரும். இணைப்பின்மேல் காகித டேப், ஜாயின்டிங் காம்பவுண்ட் இரண்டு மூன்று கை, காய்ந்ததும் உப்புத்தாள், பிரைமர், பெயின்ட். துளையை மறைக்கும் வட்ட மூடியைத் தண்டோடு இறுக்கும்போது அது போர்டை அழுத்தக் கூடாது; இரண்டு மி.மீ. விட்டு நிற்கட்டும். அழகாக ஒட்டி இருக்கட்டும் என்று கீழேயிருந்து நட்டைப் போட்டு முடுக்கினால் போர்டை மேலே தூக்குவீர்கள். அடுத்த வாரமே டேப் ஒட்டிய கோட்டில் விரிசல் ஓடும்.

ஆனால் டேப் ஒட்டிப் பெயின்ட் அடிப்பதற்கு முன், சீலிங் திறந்திருக்கும்போதே சோதனையை முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். நீர் மட்டுமே 80 கிலோ. இரண்டு கேன்களை நடுத் தண்டின் இரு பக்கமும், மற்ற இரண்டை முனைகளுக்கு அருகிலும் தடித்த கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் மெத்தையைப் போட்டு, கேன் அதற்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி கயிற்றை அளந்து கட்டுங்கள், விழுந்தாலும் உடையாது. எடையை ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு தண்டிலும், அது கான்கிரீட்டைத் தொடும் இடத்தில், நட்டின் மேலும் தளத்தின் மேலும் சேர்ந்து படும்படி மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தொங்கட்டும். அறைக்குள் குழந்தைகள் வராமல் கதவைச் சாத்தி வையுங்கள். மறுநாள் ஏணியில் ஏறி டார்ச் அடித்து அந்த மூன்று கோடுகளையும் பாருங்கள். நட்டில் இருக்கும் பாதிக்கும் தளத்தில் இருக்கும் பாதிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அந்த ஆங்கர் நழுவுகிறது என்று பொருள். அதை அப்படியே விட்டுவிட்டு நான்கு அங்குலம் தள்ளிப் புதிதாக ஒன்று போடுங்கள். மூன்று கோடும் முறியாமல் இருந்தால் கேன்களை இறக்கிவிட்டு டேப் ஒட்டத் தொடங்கலாம்.